இலவசக் கல்விக்குக் காசு கட்டினது யார்?

தெஹிவளைச் சந்தியிலிருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் காலி வீதியில் பஸ்ஸில் போனால், பட்டம் விற்கிற விளம்பரப் பலகைகளை எண்ணி முடிக்க ஏலாது. ஏ.எல். ரிசல்ட்ஸ் வந்த கிழமையில் எங்கட பக்கத்து வீடுகளில் நடக்கிற பேச்சும் அதே பலகைகளைப் பற்றித்தான். இசட் ஸ்கோருக்குக் கம்பஸ் கிடைக்குமா? கிடைச்சாலும் ஆர்ட்ஸ்தானே? லோன் எடுத்து பிரைவேட்டில சேர்த்தால் வேலை வருமா? பெரியாக்கள் பெருமூச்சு விடுவினம்: "எங்கட காலத்தில படிப்பு சும்மா கிடைச்சது."

வரலாறு படிக்கிற பிள்ளையாக எனக்கு அந்த "சும்மா"வில்தான் சந்தேகம்.

"படிச்சா என்ன வரும்?" என்ற கேள்வி எவ்வளவு பழசு என்று பார்க்க வட்டுக்கோட்டைக்குப் போகவேணும். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் அங்கே ஒரு செமினரி தொடங்கினார்கள். 1855இல் அதை மூடிவிட்டார்கள். நோக்கம் மதம் பரப்புவது. ஆனால் வந்த பெடியன்களில் பலருக்குத் தேவைப்பட்டது ஆங்கிலமும் அது வாங்கித் தரும் உத்தியோகமும். பாவம் மிஷனரிமார், எங்கட ஆக்களைச் சரியாக விளங்கிக்கொள்ள அவர்களுக்கு முப்பது வருஷம் எடுத்திருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஆங்கிலக் கல்லூரிகளில் கட்டணம் கட்டித்தான் படிக்கவேணும். யாழ்ப்பாணத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்னக் காசு இல்லை. காணியை ஒற்றி வைப்பது, தாயின் நகையை அடகு வைப்பது, இவைதான் அந்தக் காலத்து ஸ்டூடன்ட் லோன். மகன் கிளாக்கர் ஆகினால், அல்லது மலாயாவில் ரயில்வேயில் சேர்ந்தால், மணியோடர் வரும், சீதனமும் கூடும். குடும்பத்துக்குக் கணக்குச் சரிவந்தது. ஆனால் கழுத்தில் இருந்ததைக் கழட்டிக் குடுத்த பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் படிப்பு கிடைக்கவில்லை. இந்தப் பகுதியை எங்கட குடும்பக் கதைகளில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

பல்கலைக்கழகப் பட்டம் இன்னும் தூரம். பொன்னம்பலம் அருணாசலம் 1870இல் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் போனவர். அப்படி ஒரு வாய்ப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான். பிறகு அவரே நாட்டுக்குள் ஒரு பல்கலைக்கழகம் வேணும் என்ற இயக்கத்தில் முன்னுக்கு நின்றார். 1906இல் அதற்கென ஒரு சங்கம், 1921இல் கொழும்பில் யுனிவர்சிட்டி கொலேஜ், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம். தொடங்கும்போது முழு நாட்டுக்கும் 904 மாணவர்கள்.

கன்னங்கராவின் குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அது பெரிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது இல்லாவிட்டால் நானும் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். (அவ்வளவு செய்த மனுஷனை 1947 தேர்தலில் சனம் தோற்கடித்தது என்பது வேறு கதை.) ஆனால் கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று அர்த்தம் இல்லை. யாரோ கட்டினார்கள்.

அந்தக் காலத்து அரசாங்க வருமானத்தில் பெரிய பங்கு ஏற்றுமதித் தீர்வைகளில் இருந்து வந்தது. ஏற்றுமதியில் முதலாவது தேயிலை. அந்தக் கொழுந்தைப் பறித்த மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்கள் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்தது தோட்டப் பாடசாலைகளில். பல இடத்தில் ஒரு வாத்தியார், ஒரு மண்டபம். 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. கிட்டத்தட்ட முப்பது வருஷமாக மற்றப் பிள்ளைகளின் இலவசக் கல்விக்குக் காசு சேர்த்துக் குடுத்த ஆட்களுக்கு அதே கல்வி கிடைக்கவில்லை. இதைவிடப் பெரிய கல்விக் கடன் இந்த நாட்டில் இருக்கிறதாக எனக்குத் தெரியவில்லை. அதை யாரும் திருப்பிக் கட்டவும் இல்லை.

1960களில் சிங்களத்திலும் தமிழிலும் படித்துக் கலைப்பட்டம் பெறலாம் என்று வந்ததும் கம்பஸ்கள் நிரம்பின. வேலைகள் அந்த வேகத்தில் கூடவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இறங்கினவர்களில் பெரும்பகுதி படித்த, வேலை கிடைக்காத கிராமத்து இளைஞர்கள். தமிழருக்கு அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1956 மொழிச் சட்டம் உத்தியோகக் கதவைச் சாத்த, 1970களின் தரப்படுத்தல் கம்பஸ் கதவை ஒடுக்கியது. காணி ஒற்றி வைத்துப் படிப்பித்த பழைய கணக்கு அங்கேதான் உடைந்தது. பிறகு அதே காணியும் நகையும் ஏஜென்சிக்காரனுக்குப் போனது.

இன்றைய அனுமதி முறையில் 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி உயர்ந்து நிற்கும். முறையையே பிழை என்று சொல்ல நான் தயாரில்லை. முல்லைத்தீவில் லேப் இல்லாமல் படிக்கிறவரையும் வெள்ளவத்தையில் மூன்று ரியூட்டரிக்குப் போகிறவரையும் ஒரே கோட்டில் நிறுத்த ஏலாது.

இலவசப் பட்டத்துக்கு நாங்கள் கட்டுகிற விலை காலம். 1987க்கும் 1990க்கும் இடையில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. எங்களுக்கு முன்னுக்கு இருந்தவர்களுக்குக் கொரோனா, பிறகு 2022 நெருக்கடி. இந்த இடைவெளியில்தான் பிரைவேட் வளர்ந்தது. எதிர்ப்பும் சேர்ந்தே வளர்ந்தது: ராகமையில் தொடங்கிய தனியார் மருத்துவக் கல்லூரி 1989இல் அரசுடைமையானது, மாலபே சைட்டம் 2018இல் முடிவுக்கு வந்தது. ஆனால் அதே அரசு 2017இல் தனியார் நிறுவனங்களில் படிக்க வட்டியில்லாக் கடனும் கொண்டுவந்தது. தொடக்கத்தில் கட்டணத்துக்கு 8 இலட்சம் ரூபா வரை. வட்டியை அரசு கட்டும், முதலைப் பிள்ளை கட்டவேணும்.

டொலரில் கட்டணம் கட்டினவர்களின் நிலை இன்னும் மோசம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் கிட்டத்தட்ட 200 ரூபா, மே மாதத்தில் 360 அளவில். 5,000 டொலர் கட்டணம் பத்து இலட்சத்திலிருந்து பதினெட்டு இலட்சமானது. படிப்பு அதேதான், லெக்சரரும் அதே ஆள்தான்.

அப்ப அரச கம்பஸில் ஆர்ட்ஸ் செய்வதா? 2020இல் ஐம்பதாயிரம் அளவில் பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்து மாதம் 20,000 ரூபா குடுத்தார்கள். மகாபொல 2025இல் 5,000இலிருந்து 7,500 ஆனது. வெள்ளவத்தையில் அதுக்கு ஒரு அறை கூடக் கிடைக்காது. இருந்தும் நான் ஆர்ட்ஸ்தான் எடுத்தேன். கடன் இல்லாமல் முடிப்பேன், நாலு வருஷத்தையும் குடுத்துவிட்டு.

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால், "இந்த டிகிரிக்கு வேலை இருக்கா" என்பதோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். கட்டணம் எந்த நாட்டுக் காசில்? பட்டம் கையில் வர உண்மையில் எத்தனை வருஷம்? கடன் போதாமல் போனால் அடகுக்குப் போவது யாருடைய நகை? மூன்றாவதைக் கேட்கும்போது அம்மாவும் தங்கச்சியும் பக்கத்தில் இருக்கட்டும்.