ஆழ்நீர் மூழ்கலில் உடலின் உஷ்ணநிலை

மனித சரீரத்தின் உட்புற உஷ்ணநிலை ஏறக்குறைய 37 டிகிரி சென்டிகிரேடு. அது 35 டிகிரிக்குக் கீழ் இறங்குமாயின் உயிருக்கு அபாயம் நேரத் தொடங்கிவிட்டதென்று வைத்திய சாஸ்திரம் கொள்ளும். காற்றைக் காட்டிலும் நீர் சுமார் 25 மடங்கு எளிதாக உஷ்ணத்தைக் கடத்துமாதலின், கரையில் நிற்பவனுக்கு இதமாகத் தோன்றும் 28 டிகிரி, நீரில் நெடுநேரம் கிடப்பவனுடைய சூட்டைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துவிடுகிறது. இந்த இழப்பை ஈடுகட்ட உடல் தானாகச் செய்வன சிலவே. எஞ்சியதை மனிதன் வெளியிலிருந்து தேடிக்கொண்ட வரலாறே இத்துறையின் வரலாறாகும்.

உடலின் தற்காப்பு: குளிர்ந்த நீர் மேலே பட்டதும், மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியின் ஏவலால் தோலின் இரத்த நாளங்கள் சுருங்க, இரத்தம் உள்ளுறுப்புகளை நோக்கித் திரும்புகிறது, தோலுக்கடியிலுள்ள கொழுப்பு ஓரளவு காப்பாக அமைகிறது. பிறகு எழும் நடுக்கம் உஷ்ணத்தை உண்டாக்குமெனினும், தோலையொட்டிச் சூடேறி நின்ற நீரை அது கலைத்துவிடுவதால் வரவில் ஒரு பங்கு செலவாகிவிடும். மூச்சடக்கி மூழ்குங்கால் இருதயத் துடிப்புத் தணிதல் மற்றொரு மாறுதல். 1870-இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் இதனை வாத்துகளிடம் கண்டார். பிராணவாயுவைச் சிக்கனப்படுத்துவதே அதன் முதற்பயன். கைகால்களின் இரத்த ஓட்டம் அப்பொழுது குறைவதால் சூடும் ஓரளவு மிஞ்சுகிறது.

மன்னார் வளைகுடா: தமிழ்நாட்டில் இவ்விஷயம் முத்துக்குளித்தலோடு தொடங்குகிறது. கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்தெடுக்க ஏவப்பட்டனரெனக் கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலாகிய பெரிப்ளுஸ் கூறுகிறது. பிற்காலக் குளிப்பின் முறைகளைச் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் விரிவாக எழுதிவைத்தார்; சங்கைப் பற்றிய அவரது நூல் 1914-இல் சென்னையில் வெளியாயிற்று. குளியாள் கனத்த கல்லொன்றின்மேல் கால்வைத்து, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) வரை ஆழமுள்ள, சிப்பிகள் கிடக்கும் கடலடித் திட்டாகிய பாரில் இறங்கி, ஒரு நிமிஷ அளவில் சிப்பிகளை வலைக்கூடையில் வாரியிட்டுக் கயிற்றை அசைக்க, படகிலிருப்பவர் அவனை மேலே இழுப்பர். கல்லொன்றுக்கு இருவராக, ஒருவன் மூழ்கும்போது மற்றவன் இளைப்பாறுவான். மூச்சு மீளுதற்கு ஏற்பட்ட இவ்வோய்வு, வெயிலில் உடல் சூடேறவும் உதவியிருத்தல் வேண்டும். வெதுவெதுப்பான கடலில் ஒரு முறை மூழ்குவதால் நேரும் இழப்பு அற்பமே. காலை முழுவதும் மீண்டும் மீண்டும் மூழ்குவதால் அது திரண்டுவிடுகிறது. இந்தியக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த தூத்துக்குடிக் குளிப்புகளே இறுதியானவை. சங்குகுளித்தல் அதன் பின்னரும் நடந்துவருகிறது.

கொரியப் பெண்கள்: குளிருக்கு உடல் எவ்வளவு பழகும் என்ற வினாவுக்கு, ஜேஜூ முதலிய பகுதிகளின் ஹேன்யோ என்னும் மூழ்கு மாதரிடம் விடை கிடைத்தது. பருத்தியாடை மட்டுமே அணிந்து, சுமார் 10 டிகிரிக் குளிர்நீரில், உட்சூடு ஏறக்குறைய 35 டிகிரிக்கு இறங்கும்வரை மூழ்கி, கரையேறித் தீக்காய்வது அவர்கள் வழக்கமாயிருந்தது. குளிர்காலத்தில் அவர்கள் உடல் வழக்கத்தினும் மிகுதியாக உஷ்ணம் உண்டாக்குவதை 1960-களில் சுக் கி ஹாங் முதலிய ஆராய்ச்சியாளர் கண்டனர். 1970-களின் பிற்பகுதியில் ரப்பர் உடை வந்ததும், நெடுநாள் வாய்த்திருந்த அப்பழக்கம் சில ஆண்டுகளில் அகன்றது.

உடையும் வாயுவும்: ஹியூ பிராட்னர் என்னும் அமெரிக்க பௌதிக அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் ஆக்கிய நியோப்ரீன் உடையில், ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்களே சூட்டைக் காப்பன. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகவும், முப்பது மீட்டரில் நான்மடங்காகவும் பெருக, குமிழ்கள் நசுங்கி உடை மெலிகிறது. ஆகவே குளிர் மிகும் இடத்திலேயே காப்பு குறைகிறது. இன்னும் ஆழத்தில் நைட்ரஜன் மயக்கத்தைத் தவிர்க்க ஹீலியம் கலந்து சுவாசிப்பர். ஹீலியமோ காற்றினும் சுமார் ஆறு மடங்கு உஷ்ணத்தைக் கடத்துவது. அழுத்தத்தால் அடர்ந்த அவ்வாயு ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சின் சூட்டைக் கொண்டுபோகும். எனவே கப்பலிலிருந்து குழாய்வழியே வெந்நீரை உடைக்குள் செலுத்துவதும், சுவாச வாயுவைச் சூடாக்குவதும், அழுத்த அறைகளை 30 டிகிரியையொட்டி வைத்திருப்பதும் அவசியமாயின.

சென்னையில்: உடலைக் கடலழுத்தத்திற்கு உட்படுத்தாமலே ஆழத்துக்குச் செல்லும் முயற்சி, 1993-இல் நிறுவப்பெற்றுப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தில் நடைபெறுகிறது. அங்கு உருவாகும் மத்ஸ்யா 6000 என்னும் வாகனத்தில், 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளத்துள் மூவர் அமர்ந்து 6,000 மீட்டர் இறங்குவதே நோக்கம். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் இந்திய வீரர் இருவர் பிரான்சின் நோட்டீல் கலத்தில் அட்லாண்டிக் கடலில் முறையே 4,025 மீட்டரும் 5,002 மீட்டரும் இறங்கி அனுபவம் பெற்றனர். கோளத்துக்கு வெளியேயுள்ள ஆழ்நீர் சில டிகிரிச் சூடே உடையது. உள்ளேயோ மூவரின் சரீரமும் கருவிகளும் வெளிவிடும் உஷ்ணமே உண்டு. வழக்கமான பயணத்துக்குப் பன்னிரண்டு மணி நேரமும், ஆபத்துக் காலத்துக்குத் தொண்ணூற்றாறு மணி நேரமும் உயிர்காக்கும் ஏற்பாடு வகுக்கப்பட்டிருப்பதால், பிராணவாயுவின் கணக்கோடு அவ்வுஷ்ணத்தின் கணக்கையும் பொறியாளர் பார்க்கவேண்டியவராகின்றனர்.