மேக்கல முதல் வோல்கோவ் வரை: விலங்குப் பெயரும் வேற்றுமை உருபும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கல்லூரி வருகைப் பதிவேடுகளில் குர்ரம் (குதிரை), நக்கா (நரி), மேக்கல (ஆடுகள்), ஆவுல (பசுக்கள்) போன்ற ‘இண்டிபேரு’கள், அதாவது வீட்டுப் பெயர்கள், இயற்பெயருக்கு முன்னே நிற்கக் காணலாம். தந்தை பெயரின் முதலெழுத்தோடு அமைந்துவிடும் தமிழ் மாணவர்க்கு இவை வேடிக்கை. தெலுங்குச் சூழலிலோ, எதிரிலிருப்பவர் சாதியை ஊகிக்கும் கருவியாகவும் இவை பயன்படுகின்றன. இவ்வூகத்துக்கு ஓர் ஏட்டு வரலாறு உண்டு.

1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்னும் நூல், இப்பெயர்களைச் சாதிவாரியாகப் புறமணக் கிளைகளாகப் பட்டியலிட்டது. அடுத்த ஆண்டே வெளிவந்த ஃப்ரேசரின் நூல் இத்தகைய செய்திகளைக் குலக்குறி என்னும் கோட்பாட்டுக்குள் அடக்கியது. கொல்லா (ஆயர்) சாதியில் அரசமரப் பெயர் கொண்ட கிளையினர் அதன் இலையில் உண்பதில்லை என்பது போன்ற விலக்குகளைத் தர்ஸ்டன் குறித்திருப்பது உண்மையே. ஆனால் அதே பட்டியலில் குதிரைக்கும் நரிக்கும் அருகில் கத்தரிக்காயும் வெங்காயமும் பழையசோறும் உள்ளன. பழையசோற்றைக் குலக்குறியாகக் கொண்ட மூதாதை யாரோ!

கோட்பாட்டுக்கு முன் இலக்கணத்தைப் பார்ப்பது நலம். ரஷ்ய மொழியில் ‘வோல்க்’ ஓநாய். ‘வோல்கோவ்’ என்பது ‘வோல்க்கினுடைய’ என்னும் ஒருமை உடைமை வடிவம். ஓநாய் என அழைக்கப்பட்ட ஒரு மனிதரின் வழியினர் என்பதே பொருள். மேத்வேதெவ் (கரடி), ஜாய்த்செவ் (முயல்) ஆகியனவும் அவ்வாறே. தெலுங்கில் மேக்கலு எழுவாய்ப் பன்மை. மேக்கல என்பது ‘ஆடுகளுடைய’ என்னும் வேற்றுமை வடிவம். இது ஒருவரின் பட்டப்பெயரைவிடக் கால்நடை உடைமையையோ தொழிலையோ சுட்டுவதற்கே வாய்ப்பு மிகுதி என்பது என் கருத்து. குர்ரம், நக்கா என ஒருமையில் நிற்பவை பட்டப்பெயராய்த் தொடங்கியிருக்கலாம். ஸ்லாவிய ஒப்புமை பொருந்துவது இவ்விரண்டாம் வகைக்கே.

ஊர்வழி வந்தவை வேறு. சித்தூர் மாவட்டத்துப் புலிசெர்ல என்னும் ஊர்ப்பெயரைக் கொண்ட குடும்பத்தின் புலி ஊருக்கு உரியது, மூதாதைக்கு அன்று. போலந்தின் வில்கோவ்ஸ்கியும் இவ்வாறு ஊர்வழி வந்த ஓநாயே.

இனிச் சாதிக்கு வருவோம். 1830இல் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு, திருப்பதி வழியே சென்று, அப்பயணத்தைத் தெலுங்கில் எழுதிய ஏனுகுல வீராசாமி, உச்ச நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், பிராமணர். ‘யானைகளுடைய’ என்னும் அவர் வீட்டுப்பெயர் யானைப் பாகரையும் காட்டவில்லை, சாதியையும் காட்டவில்லை. 1941இல் கப்பிலம் (வௌவால்) என்னும் காவியத்தை இயற்றிய குர்ரம் ஜாஷுவாவின் தந்தை கொல்லா, தாய் மாதிகா. ‘குர்ரம்’ தர்ஸ்டனின் கொல்லாப் பட்டியலில் உள்ள பெயர்தான். அப்பெயரைத் தாங்கியிருந்தும் ஜாஷுவா தீண்டாமைக்கு ஆளானார்.