கருவின் முதல் 28 நாட்கள்

கரு உருவாகி 28 நாட்களுக்குள், அதன் முதுகுப்புறத்தில் உள்ள மெல்லிய தகடொன்று சுருண்டு குழாயாக மூடிக்கொள்கிறது. மூளையாகவும் முண்ணாணாகவும் வளர்வது இந்த நரம்புக் குழாயே. தலைப்பக்கத்தில் அது மூடாதொழியின் மூளை முழுமை பெறாது, அக்குழந்தை பிழைப்பதில்லை. கீழ்ப்பக்கத்தில் மூடாதொழியின் முள்ளந்தண்டு பிளவுபட்டு, கால்கள் வலுவிழந்த குழந்தை பிறக்கலாம். பெண்ணொருத்தி தான் கருவுற்றிருப்பதை ஐயமற அறியும் முன்னரே, பெரும்பாலும் இது முடிவாகிவிடுகின்றது. ஆகவே இதற்கான காப்பு, கரு உண்டாகும் முன்னரே தாயின் உடலிற் சேர்ந்திருத்தல் வேண்டும். இவ்வுண்மையை ஐயந்திரிபற நிறுவ மருத்துவ உலகிற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன.

கதையின் தொடக்கம் பம்பாயில். 1928 இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் அந்நகருக்கு வந்தார். துணியாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கொடிய இரத்தசோகை வாட்டிய காலம் அது. நோய்க்குக் கிருமி காரணமோ என ஆராய்ந்தார், அவ்வாறில்லை. பின்னர் அவர்களது உணவை நோக்கினார். குறை அங்கேதான் இருந்தது. மதுவத்தின் சாறாகிய மாமைற்றைக் கொடுத்தபோது நோயாளர் தேறினர். 1931 இல் இதனை அவர் வெளியிட்டார். ஆயினும் அச்சாற்றில் இருந்து குணமளித்த பொருள் யாதென அன்று எவரும் அறிந்திலர்.

1941 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், நான்கு தொன் ஸ்பினாச்சுக் கீரையிலிருந்து அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945 இல், ஆந்திர நாட்டவரான எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வுகூடத்தார் அதனைச் செயற்கையாக ஆக்கினர்.

மருந்து கிடைத்தது, ஆனால் அது கருவுற்ற பின்னர், இரத்தசோகைக்கே வழங்கப்பட்டது. 1965 இல் லிவர்ப்பூல் நகரில் ஹிபார்ட், ஸ்மிதெல்ஸ் என்னும் மருத்துவர் இருவர், ஊனமுற்ற குழந்தைகளைப் பெற்ற தாய்மாரிடம் இவ்விற்றமினின் குறைபாடு மிகுந்திருப்பதைக் கண்டனர். 1980 இல் ஸ்மிதெல்சும் அவர் குழுவினரும், முன்னர் இவ்வாறான குழந்தை பெற்ற பெண்களைப் பற்றிய முடிவை வெளியிட்டனர். கருவுறுமுன் தொடங்கி விற்றமின் உண்ட தாய்மாரின் 178 குழந்தைகளில் ஒன்றே பாதிக்கப்பட்டிருந்தது. உண்ணாதவரின் 260 குழந்தைகளில் 13 பாதிக்கப்பட்டிருந்தன.

எனினும் ஐயம் நீங்கவில்லை. மாத்திரை உண்டவர் இயல்பாகவே கூடிய கவனமும் வசதியும் உடையவராய் இருந்திருக்கலாமன்றோ? திருவுளச்சீட்டு முறையிற் பிரித்துச் சோதித்தாலன்றி உண்மை புலப்படாது. ஆனால் பயன் தரக்கூடிய மருந்தைப் பாதிப் பேருக்கு மறுத்தல் அறமாகுமா எனச் சிலர் கேட்டனர். நிறுவப்படாத மருந்தைத் தாய்மாருக்கு வழங்கலாமா எனப் பிறர் வினவினர். தலிடோமைட் விளைத்த கேடு எவருக்கும் மறந்திருக்கவில்லை.

1983 இல், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நிக்கலஸ் வால்ட் அச்சோதனையைத் தொடங்கினார். 7 நாடுகளில், 33 நிலையங்களில், 1,817 பெண்கள் சேர்ந்தனர். அனைவரும் முன்னர் ஒருமுறை இத்துயரைக் கண்டவர்கள். தாம் உண்பது எதுவென அறியாமலே மாத்திரையை ஏற்றவர்கள். 1991 ஏப்ரலில் முடிவு தெளிவானமையாற் சோதனை இடையில் நிறுத்தப்பட்டது. பாதிக்கப்பட்ட 27 கருக்களில் 21, போலிக் அமிலம் பெறாத பாதியினருடையவை. பெற்ற பாதியினருடையவை 6 மட்டுமே. ஏனைய விற்றமின்கள் இக்காப்பைத் தரவில்லை. முன்னர் இத்துயரைக் காணாத பெண்களுக்கும் பயனுண்டு என்பதை அடுத்த ஆண்டில் ஹங்கேரி நாட்டின் சோதனை காட்டிற்று.

1992 இல் அமெரிக்க அரசு, கருவுறக்கூடிய பெண்கள் யாவரும் நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் போலிக் அமிலம் பெறவேண்டும் என அறிவித்தது. எதிர்பாராமற் கருவுறுவோர் பலராதலின், 1998 முதல் அந்நாட்டில் மாவிலேயே அது சேர்க்கப்படலாயிற்று. இலங்கையிலும் புதுமணத் தம்பதியருக்கான சுகாதாரப் பராமரிப்பில் இம்மாத்திரை இடம்பெற்றுள்ளது. எல்லாக் குறைகளையும் அது தடுப்பதில்லை. தடுக்கக்கூடியவற்றைத் தடுப்பதற்கும் காலந்தவறாமை வேண்டும். கருவுற்ற செய்தி தெரிந்தபின் தொடங்கும் பராமரிப்பு, அந்த முதல் 28 நாட்களைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடுகின்றது.