அபாயச் சங்கும் அழற்சியும்



1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அன்று ஒலித்த அபாயச் சங்கைப் பற்றியும், குண்டு வீழாத தெருக்களும் அச்சத்தால் வெறிச்சோடியமை பற்றியும் எம்மூர் முதியோர் கூறக் கேட்டிருக்கிறேன். நம் உடலினுள்ளும் அத்தகைய சங்கொன்று உண்டு. அதனை அறிஞர் கண்டறிந்த வரலாறு வாந்திபேதியிலிருந்து தொடங்குகின்றது.

1884இல் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியைத் தனியே பிரித்தெடுத்த றொபேட் கொக், அது நஞ்சொன்றினாற் கொல்கின்றதென எண்ணினார். அந்நஞ்சைத் தேடிய அவர் மாணாக்கர் றிச்சாட் பைபர், சூடேற்றிக் கொன்ற கிருமிகளும் கினிப்பன்றிகளை மாய்ப்பதை 1892இற் கண்டார். கிருமியின் உடலோடு ஒட்டிய அந்நஞ்சு ‘அகநஞ்சு’ எனப் பெயர் பெற்றது.

எனினும், பேதிக்குக் காரணம் அதுவன்று. 1959இல் கல்கத்தா வைத்தியக் கல்லூரியைச் சார்ந்த சம்புநாத் டே, கிருமிகளை வடித்து நீக்கிய திரவத்தை முயலின் குடலிற் செலுத்தினார். குடல் நீரால் நிறைந்தது. கிருமி வெளியே உமிழும் வேறொரு நஞ்சே அவ்வாறு செய்ததென்பது தெளிவாயிற்று. இப்பெருமகனை அவர்தம் நாடே நெடுங்காலம் போற்றாது விட்டமை வருந்தத்தக்கது.

அவ்வாறாயின் அகநஞ்சு செய்வது யாது? அது தானே நேராகச் செய்யுந் தீங்கு சிறிது. அதனை இனங்கண்ட வெண்குழியங்கள் ஒரு புரதத்தை வெளிவிட்டு அபாயம் அறிவிக்கின்றன. ‘கட்டி நசிவுக் காரணி’ என்பது அதன் பெயர். உடனே குருதிக்குழாய்கள் விரிந்து கசிகின்றன, காய்ச்சல் எழுகின்றது, மேலும் வெண்குழியங்கள் வந்து குவிகின்றன. இதுவே அழற்சி. ஓரிடத்தில் நிகழின் அது காவல். உடலெங்கும் பரவின் குருதியமுக்கம் வீழ்ந்து உயிர் பிரியும்.

1985இல் புரூஸ் பொய்ட்லரும் அவர் குழுவினரும் அக்காரணியை முறிக்கும் பிறபொருளெதிரியை முன்கூட்டியே ஏற்றிச் சுண்டெலிகளை அகநஞ்சினின்றுங் காத்தனர். அகநஞ்சை உணரும் வாங்கியையும் அவர் குழு 1998இல் வெளிப்படுத்தியது. அவ்வாங்கி பழுதுற்ற சுண்டெலிகளை அகநஞ்சு கொல்லவில்லை. ஆனால், உயிருள்ள சல்மனெல்லாக் கிருமிகள் சிலவே போதும், அவை இறந்துவிடும். சங்கு ஊதாத பட்டினத்தின் கதி அதுதான்! பொய்ட்லர் 2011இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

அபாயம் நீங்கியதை அறிவிக்கவும் ஒரு சங்கு வேண்டுமல்லவா? அதே வெண்குழியங்கள் சற்றுப் பிந்தி ‘இன்ரர்லியூக்கின்-10’ என்னும் பொருளைச் சுரந்து, தாம் மூட்டிய அழற்சியைத் தாமே தணிக்கின்றன. அப்பொருளைச் சுரக்கவியலாத சுண்டெலிகள், ஏனையவை எளிதில் தாங்கும் சிறிதளவு அகநஞ்சுக்கே மாண்டன.