கடலில் இறங்க யாருக்கு உரிமை?

விடியக்காலையில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கடலில் நீந்துகிற குழுக்கள் இப்ப பல நாடுகளில் இருக்கு. வயது, வேலை, வேகம் எதுவும் பிரச்சினை இல்லை, வந்து சேருங்கோ என்றுதான் அவர்கள் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்த "எல்லாரும் வரலாம்" என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. சிட்னியின் கதையைப் பார்த்தால் விளங்கும்.

ஆதிக்குடிகள் காலங்காலமாக நீந்திய கரை அது. பிரித்தானியர் வந்த பிறகு 1830களில் சட்டம் போட்டார்கள்: காலை 6 மணியிலிருந்து இரவு 8 மணி வரை, மற்றவர்களின் கண்ணில் படுகிற இடத்தில் கடலில் குளிக்கக்கூடாது. காரணம் ஒழுக்கம். பகல் முழுக்க வேலை செய்கிற சனத்துக்குக் கடல் இல்லை என்றுதான் அதுக்கு அர்த்தம்.

1902 ஒக்டோபரில் மான்லி என்ற இடத்தில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், சட்டத்தை மீறப்போகிறேன் என்று தன்ர பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு நண்பகலில் கடலில் இறங்கினார். அடுத்த வருடமே, கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடிய உடுப்போடு பகலிலும் குளிக்கலாம் என்று மான்லி நகரசபை விதியை மாற்றியது.

உடனே சண்டை உடுப்புக்கு மாறியது. 1907இல் பொண்டைக் கரைக்குப் பொறுப்பான நகர முதல்வர், ஆண்களும் பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் குளிக்க வேணும் என்று யோசனை சொன்னார். பெடியள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டுப் பெண்களின் உள்பாவாடைகளைப் போட்டுக்கொண்டு கரையில் ஊர்வலம் போனார்கள். ஊர் சிரித்த சிரிப்பில் அந்த யோசனை காணாமல் போனது.

ஆண்களின் பிரச்சினை ஒரு ஊர்வலத்தோடு முடிந்தது. பெண்களுக்கு அப்படி முடியவில்லை.

ஃபானி டியூராக் சிட்னியின் கூஜி கடல் குளத்தில் நீந்தப் பழகிய பெண். 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகப் பெண்களுக்கு நீச்சல் போட்டி வைத்தார்கள். ஆனால் அவரையும் மினா வைலியையும் அனுப்ப முடியாது என்றது பெண்கள் நீச்சல் சங்கம். ஆண்கள் பார்க்கிற இடத்தில் பெண்கள் போட்டியிடக்கூடாது என்பது அந்தச் சங்கத்தின் விதி. அதன் தலைவி ரோஸ் ஸ்கொட், பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட முக்கியமான போராளி. ஆண்களின் பார்வை பெண்களை அவமதிக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். பாதுகாப்பு என்று நினைத்துப் போட்ட வேலி அது. ஆனால் வேலிக்குள்ளே நின்றது அந்தப் பெண்கள்தான்.

சனங்கள் எதிர்த்தார்கள், விதி தளர்ந்தது, பயணத்துக்குக் காசும் சேர்த்துக் கொடுத்தார்கள். 100 மீற்றரில் டியூராக் தங்கம், வைலி வெள்ளி. ஸ்கொட் தலைவர் பதவியை விட்டு விலகினார்.

இதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 1929இல் தொடங்கிய பொண்டை ஐஸ்பேர்க்ஸ் கழகத்தில் அங்கத்தவராகத் தொடர்ந்து இருப்பதற்கு ஒரு கடுமையான விதி இருந்தது: குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில், மாதத்துக்கு நாலில் மூன்றாவது நீந்த வேணும், அதுவும் ஐந்து வருடங்களுக்கு. கேட்க நியாயமான விதிதான், பணமோ பதவியோ கேட்கவில்லை. ஆனால் 1990களின் நடுப்பகுதி வரை பெண்களுக்கு அதில் இடமே இல்லை. கரையில் உயிர்காக்கும் கழகங்களிலும், முழு அங்கத்தவராகக் காவல் பணி செய்யும் உரிமை பெண்களுக்கு 1980இல்தான் கிடைத்தது. ஒலிம்பிக் தங்கம் வாங்கி 68 வருடம் கழித்து!

இது எங்கேயோ நடந்த கதை என்று விட்டுவிடலாமா? பாக்கு நீரிணையை 1954இல் கடந்த நவரத்தினசாமி, 1971இல் போய்த் திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தன், இரண்டு பேரும் வடமராட்சிக் கரையின் பிள்ளைகள். பெருமையாகச் சொல்கிறோம். அதே கரையில் நீந்தத் தெரிந்த அக்காமார் எத்தனை பேரை எங்களுக்குத் தெரியும்?

2004 சுனாமிக்குப் பிறகு ஒக்ஸ்பாம் 2005இல் வெளியிட்ட அறிக்கை, பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள் என்றது. இலங்கையில் நீச்சலும் மரம் ஏறுவதும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்படுகிறது என்பதையும் அது ஒரு காரணமாகச் சொன்னது. எங்களிடம் 1830களின் சட்டம் மாதிரி ஒன்று எழுத்தில் இல்லை. "பொம்பிளைப் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை?" என்ற ஒரு கேள்வியே போதுமாக இருந்திருக்கு.

அதனால் எங்கட கரைகளில் நீச்சல் குழு ஒன்று தொடங்கினால், முதல் கேள்வி எவ்வளவு தூரம் நீந்துவது என்பதாக இருக்கக்கூடாது. தங்கச்சிமாருக்கும் அம்மாமாருக்கும் வசதியான நேரம் எது, எந்த உடுப்போடு வந்தாலும் சரியா, யார் பழக்குவது? இதை முதலில் பேசி முடிவெடுப்போம். தூரத்தைப் பிறகு பார்க்கலாம்.