வழைச்சு போகணும்

இந்த எபிசோடு வேண்டாம்னு அப்பா சொன்னார். "கள்ளைப் பத்தி நீ எதுக்குடா பேசணும்?" ஏன் கேட்டார்னு கடைசியில் சொல்றேன்.

பெங்களூரில் ஒரு நண்பன் பீர் காய்ச்சுகிறான். நொதித்து முடிந்ததும் டேங்கிலிருந்து நேராகப் பிடித்துக் கொடுத்தான். பச்சை ஆப்பிள் வாசம், லேசாக வெண்ணெய் வாடை, கலங்கல். "இன்னும் பச்சையா இருக்கு, ரெண்டு மூணு வாரம் கிடக்கணும்" என்றான். ஆப்பிள் வாசத்துக்குக் காரணம் அசிட்டால்டிஹைடு, வெண்ணெய்க்கு டைஅசிட்டில். சர்க்கரை தீர்ந்தாலும் ஈஸ்ட் சும்மா இருக்காது. தான் வெளியே விட்ட இந்தப் பொருள்களையே திரும்ப உள்ளே இழுத்து மாற்றிவிடும். ரிலீஸுக்கு முன்னாடி தன் பக்கை தானே சரி பண்ற மாதிரி. பிறகு அடியில் படியும், பீர் தெளியும். ஜெர்மன்காரர்கள் இதற்காகக் குளிர்ந்த நிலவறைகளில் மாதக்கணக்கில் வைத்தார்கள். லாகர் என்ற பெயரே 'சேமித்து வைப்பது' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

இதைக் கேட்டதும் எனக்குப் பெரும்பாணாற்றுப்படைதான் ஞாபகம் வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் அரிசிக் கள்ளுக்கு முழு ரெசிப்பியே கொடுத்திருக்கிறார். அரிசியைக் களியாகக் காய்ச்சி, அகன்ற வாய்த் தட்டில் ஆறவிட்டு, நெல்முளையைக் கலந்து, உறுதியான சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைக்க வேண்டும். முளை எதற்கு? மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்சைம் அதில்தான் இருக்கு. ஆகவே இது ஒயின் இல்லைங்க, பீரின் பங்காளி. எவ்வளவு நேரம் வைக்கணும் என்பதற்கு அவர் சொல்லும் அளவு, 'வழைச்சு' போகும்வரை. வழைச்சு என்றால் இளமை, புதுசின் பச்சைத்தன்மை. நண்பன் சொன்ன அதே 'பச்சை'!

புறநானூறு 120இல் கபிலர் பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிப் பாடும்போது, மண்ணில் புதைத்து முதிரவைத்த கள் வருகிறது. புல் வேய்ந்த குடிசை ஒவ்வொன்றிலும் அதைக் கொடுக்கிறார்கள். ஏன் புதைக்கணும்? எங்க விருதுநகர் மாவட்டத்து மே மாத வெயிலில் ஒரு நாள் நின்று பாருங்க, புரியும். மண்ணுக்கடியில் வெளிச்சம் இல்லை, சூடு குறைவு, பகலுக்கும் ராத்திரிக்கும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. நிலவறைக்கு நம்ம ஊர் பதில். தெளிந்த கள்ளுக்குத் 'தேறல்' என்றே பெயர். தேறுதல் என்றால் தெளிதல். நாள்பட்ட தேறல் தேள் கொட்டினமாதிரி கடுக்கும் என்று ஔவையாரே புறம் 392இல் சொல்கிறார்.

ஆனா பனங்கள் வேற கதை. என் தாத்தா பனையேறி. "காலையில இனிப்பு, சாயங்காலம் கடுப்பு, மறுநாள் காடி" என்பார். அசிட்டிக் பாக்டீரியா காத்திருக்காது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதிக்காமல் பதநீராக இறங்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி.

அந்தத் தொழிலைக் காரணம் காட்டித்தான் எங்கள் ஆட்களைக் கோயிலுக்குள் விடாமல் வைத்திருந்தார்கள். 1899இல் சிவகாசியில் நடந்த கலவரத்துக்குப் பின்னால் அந்தக் கோயில் நுழைவுச் சண்டைதான் இருந்தது. பிறகு வியாபாரம், தீப்பெட்டி, பட்டாசு, படிப்பு என்று போனவர்கள் பனையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கடை கிடையாது. தாத்தாவும் இறங்கிவிட்டார். (வீட்டில் யாரும் முயற்சி செய்யாதீங்க, மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.)

ரெக்கார்டிங்கை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். தாத்தா பேச்சு வந்த இடத்தில் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

"ஊர்ப் பேரை மட்டும் எடுத்துரு" என்றார். எடுத்துவிட்டேன்.