சதுரக் கம்பங்கள்

நான் வேலை பார்த்த மில்லுக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. ஸ்பின்னிங், கார்டிங், ரீலிங் என்று எல்லா டிபார்ட்மெண்டிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். சங்கு ஊதி பகல் ஷிப்டு முடிந்ததும், தலையில் பஞ்சுத் தூசியோடு அப்படியே மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. பந்து ஆடத் தெரியாது. ஆனால் மேட்ச் இருக்கும் நாளில் யார் யாருக்கு ஷிப்டு மாற்றிப் போட வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லி அட்டையில் குறிப்பது என் வேலை. அந்த வகையில் நானும் டீமில் ஒருவன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

1986 ஜூனில் காலனியில் இரண்டே வீட்டில்தான் டிவி. உலகக் கோப்பை காலிறுதியில் பிரான்சும் பிரேசிலும் ஆடின. மெக்சிகோவில் நண்பகல் என்றால் நமக்கு நடுராத்திரி. டீம் ஆட்கள் அத்தனை பேரும் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தோம். பிளாட்டினி கோல் போட்டபோது எழுந்த சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. அன்றிலிருந்து பிளாட்டினி எனக்குப் பிடித்துப் போனார்.

ஓய்வு பெற்ற பிறகு, அவர் எங்கெல்லாம் ஆடினார் என்று தேடிப் படித்தேன். அப்படித்தான் சேந்த் எத்தியென் என்ற ஊரும் அதன் கால்பந்து கிளப்பும் எனக்கு அறிமுகம். 1979 முதல் 1982 வரை மூன்று ஆண்டு பிளாட்டினி அங்கே ஆடியிருக்கிறார். பிளாட்டினியைத் தேடிப் போனவன் அந்த ஊரிலேயே நின்றுவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சேந்த் எத்தியென் பிரான்சின் நடுவே, லியோன் நகரத்துக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர். நிலக்கரிச் சுரங்கம், துப்பாக்கித் தொழிற்சாலை, சைக்கிள், ரிப்பன் நெசவு என்று முழுக்க முழுக்கத் தொழிலாளிகள் ஊர். அங்கே ஜெஃப்ருவா கிஷார் என்பவர் 1898-ல் காசினோ என்ற பெயரில் மளிகை வியாபாரம் தொடங்கினார். பெயரைப் பார்த்துச் சூதாட்டம் என்று நினைக்க வேண்டாம். அவருடைய கடை இருந்த கட்டடம் முன்பு பாட்டுக் கச்சேரி நடந்த காசினோ. அந்தப் பெயரே கடைக்கும் நிலைத்துவிட்டது. கிளைகள் பெருகிப் பெரிய கம்பெனியானது.

அந்தக் கம்பெனி ஊழியர்கள் 1919-ல் தொடங்கிய விளையாட்டுச் சங்கம்தான் இந்தக் கிளப்பின் வேர். வியாபாரப் பெயரை விளையாட்டுச் சங்கத்துக்கு வைக்கக்கூடாது என்று விதி வந்தபோது, முதலெழுத்துகள் மாறாமல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கம்பெனியின் பச்சை நிறம் சட்டையில் அப்படியே நின்றது. இன்றும் அவர்களுக்குப் ‘பச்சைகள்’ என்றுதான் பெயர். 1931-ல் மைதானம் திறந்தார்கள். அதற்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர் கிஷார். மைதானத்துக்கு அவர் பெயரே. 1933-ல் சம்பளம் கொடுத்து ஆட்களை ஆடவைக்கும் தொழில்முறை கிளப் ஆனது.

முதல் சாம்பியன் பட்டம் 1957-ல் வந்தது. பயிற்சியாளர் ழான் ஸ்னெல்லா. அந்த டீமின் நட்சத்திரம் ரஷீத் மெக்லூஃபி என்ற அல்ஜீரிய இளைஞர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மெக்லூஃபி பிறந்தது 1936-ல், அல்ஜீரியாவின் செத்திஃப் பக்கம். 1945 மே மாதம், ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாளில், செத்திஃபில் விடுதலைக் கொடி பிடித்த ஊர்வலத்தின்மீது போலீஸ் சுட்டது. அதைத் தொடர்ந்த வன்முறையிலும் பழிவாங்கலிலும் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்கள் செத்தார்கள். அப்போது அவருக்கு வயது எட்டு. அந்தப் பையன்தான் வளர்ந்து, பிரான்சுக்கு வந்து, பிரான்சின் தேசிய அணிக்கும் ஆடினார்.

1958 ஏப்ரல். அல்ஜீரிய விடுதலைப் போர் உச்சத்தில் இருந்தது. இரண்டு மாதத்தில் ஸ்வீடனில் உலகக் கோப்பை. பிரான்ஸ் அணியில் அவருக்கு இடம் கிடைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வயது இருபத்தொன்று, பணம், புகழ் எல்லாம் இருந்தது. போதாததற்குப் பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாய சேவையிலும் இருந்தார். அப்படியிருக்க, ஒருநாள் தோழர்களோடு காரில் ஏறி ஸ்விட்சர்லாந்து எல்லையைத் தாண்டிப் போய்விட்டார். அங்கிருந்து துனிஸ். அல்ஜீரிய விடுதலை முன்னணி அமைத்த கால்பந்து அணியில் சேர்ந்தார். போர்க்காலத்தில் ராணுவத்தை விட்டு ஓடியவருக்கு என்ன தண்டனை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அந்த அணியை ஃபிஃபா அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் நான்கு ஆண்டு கிழக்கு ஐரோப்பா, சீனா, வியட்நாம் என்று ஊர் ஊராகப் போய், இன்னும் பிறக்காத ஒரு நாட்டின் கொடியை ஏற்றிவிட்டு ஆடினார்கள்.

1962-ல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே ஆண்டில் சேந்த் எத்தியென் ஒரு விநோதம் செய்தது. பிரெஞ்சுக் கோப்பையை ஜெயித்தது. அதே சீசனில் லீகில் கடைசிப் பக்கம் போய் இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் மெக்லூஃபி திரும்பி வந்தார்.

நண்பர்களே, அந்த ஊரை நினைத்துப் பாருங்கள். எத்தனையோ வீட்டுப் பையன்கள் அல்ஜீரியப் போருக்குப் போனவர்கள். திரும்பி வராதவர்களும் உண்டு. எதிர்ப்பக்கம் போனவர் மறுபடி பச்சைச் சட்டை போட்டு அவர்கள் முன் இறங்குகிறார். முதலில் மைதானம் அமைதியாக இருந்தது என்றும், அவர் பந்தைத் தொட்டு ஆட ஆரம்பித்ததும் கைதட்டல் எழுந்தது என்றும் சொல்வார்கள். 1963-ல் முதல் பிரிவுக்கு ஏறினார்கள். 1964-ல் சாம்பியன். 1968 மே மாதம், பாரிசில் மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்த நாட்களில் நடந்த கோப்பை இறுதி ஆட்டத்தில் போர்தோ அணியை 2-1 என்று வென்றார்கள். இரண்டு கோலும் மெக்லூஃபியுடையவை. கோப்பையைக் கையில் கொடுத்தவர் ஜனாதிபதி தெ கோல். பத்து ஆண்டுக்கு முன் தப்பி ஓடியவருக்கு, அந்த நாட்டின் தலைவர் கையால். மெக்லூஃபி 2024 நவம்பரில் காலமானார்.

அந்தக் காலத்தில் கிளப்பின் தலைவர் ரொஜே ரொஷே. இளமையில் சுரங்கத்தில் வேலை பார்த்து, பிறகு கட்டுமான கான்ட்ராக்டராக உயர்ந்தவர். வாயில் எப்போதும் பைப். 1961 முதல் 1982 வரை இருபத்தொரு ஆண்டு தலைவர். வெளியில் விலை கொடுத்து வாங்குவதைவிட நாமே சிறு பிள்ளைகளைத் தேடி வளர்ப்போம் என்பது அவர் வழி. 1972-ல் தன் பழைய ஆட்டக்காரர் ரொபேர் எர்பனையே பயிற்சியாளராக்கினார். எர்பனுக்கு அப்போது வயது 33. அதிகம் பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். 1974, 1975, 1976 மூன்று ஆண்டும் தொடர்ந்து சாம்பியன்.

1976 அணியில் வெளிநாட்டுக்காரர் இரண்டே பேர். கோல்கீப்பர் சுர்கோவிச் யுகோஸ்லாவியர். தடுப்பாட்டக்காரர் பியாசா அர்ஜென்டினாக்காரர். மற்றவர்களில் பெரும்பாலோர் கிளப்பே வளர்த்த பையன்கள். ஐரோப்பியக் கோப்பை காலிறுதியில் சோவியத் யூனியனின் டைனமோ கீவ் அணியிடம் முதல் ஆட்டம் 0-2 தோல்வி. சொந்த ஊரில் நடந்த மறு ஆட்டத்தில் முதல் பாதி கோலே இல்லை. இரண்டாம் பாதியில் கீவ் அணியின் ப்ளோகின் தனியாகக் கோலை நோக்கி வந்தார். அது விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். லோபெஸ் ஓடி வந்து பந்தைப் பறித்தார். அதே பந்து மறுமுனைக்குப் போய் கோல் ஆனது. பிறகு இன்னொன்று. கூடுதல் நேரத்தில், காலில் நரம்பு பிடித்து நொண்டிக்கொண்டிருந்த ரொஷ்தோ மூன்றாவதைப் போட்டார். அரையிறுதியில் ஹாலந்தின் பி.எஸ்.வி. அணியையும் தாண்டினார்கள்.

இறுதி ஆட்டம் 1976 மே 12, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க். எதிரே பயர்ன் மியூனிக். பெக்கன்பவர், கெர்ட் முல்லர், செப் மாயர் எல்லோரும் இருந்த அணி. முதல் பாதியில் பத்தனே அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சில நிமிடத்தில் சாந்தினி தலையால் முட்டியதும் மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. (சாந்தினி ஆண்தான். பெயரைப் பார்த்து நானும் ஒரு கணம் திகைத்தேன்.) 57-வது நிமிடம் ஒரு ஃப்ரீ கிக்கை ரோத் கோல் ஆக்கினார். காயத்தோடு இருந்த ரொஷ்தோவைக் கடைசிச் சில நிமிடங்களுக்குத்தான் இறக்க முடிந்தது. 0-1.

விஷயம் என்னவென்றால், அந்த மைதானத்தின் கோல் கம்பங்கள் சதுரம். மற்ற இடங்களில் உருண்டையாக இருக்கும். உருண்டைக் கம்பியின் அடிப்பக்கம் படும் பந்து வழுக்கி உள்ளே விழ வாய்ப்புண்டு. சதுரத்தின் தட்டையான முகத்தில் பட்டால் வந்த வழியே திரும்பிவிடும். ‘சதுரக் கம்பங்கள்’ என்ற சொல் பிரான்சில் அன்றிலிருந்து பழமொழி மாதிரி ஆகிவிட்டது. நூலிழையில் கைநழுவியது என்பதற்கு அதைச் சொல்கிறார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆட்டத்தின் தொடக்கத்தில் முல்லர் பந்தை வலைக்குள் அடித்தார். ஆஃப்சைடு என்று மறுத்துவிட்டார்கள். அது ஆஃப்சைடே இல்லை என்று ஜெர்மானியர்கள் சொல்வார்கள். கம்பம் சதுரமாக இருந்தது சேந்த் எத்தியெனுக்கு நினைவிருக்கும் அளவுக்கு இது நினைவில் இல்லை. தோற்றவர் ஞாபகம் அப்படித்தான் இருக்கும். நம் வீட்டுக் கதைகளிலும் அப்படித்தானே?

மறுநாள் தோற்ற அணியைப் பாரிசின் ஷான்ஸ் எலிசே வீதியில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். ஜனாதிபதி மாளிகையில் வரவேற்பு. தோற்றதற்கா இத்தனை என்று கேட்கலாம். 1970, 1974 இரண்டு உலகக் கோப்பைக்கும் பிரான்ஸ் தகுதி பெறவே இல்லை. 1959-ல் ரான்ஸ் அணி ஆடியதற்குப் பிறகு எந்தப் பிரெஞ்சு கிளப்பும் இந்தக் கோப்பையின் இறுதிக்குப் போனதில்லை. அந்த வறட்சியில் ஒரு சுரங்கத்து ஊர்ப் பையன்கள் நாட்டையே டிவி முன் உட்காரவைத்தார்கள். அதற்குத்தான் அந்த மரியாதை.

பிறகு சரிவு. 1981-ல் பிளாட்டினியோடு பத்தாவது பட்டம். அது ஒரு சாதனை எண். 2022-ல் பாரிஸ் அணி எட்டும் வரை அப்படியே நின்றது. ஆனால் 1982-ல் கிளப்பில் கணக்கில் வராத கறுப்புப் பண நிதி இருந்தது வெளிவந்தது. ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகக் கொடுக்கப் பயன்பட்ட பணம். ரொஷே பதவி விலகினார். வழக்கு நீண்டு, கடைசியில் சில மாதம் சிறையிலும் இருந்தார். ஜனாதிபதி மித்தெரானின் மன்னிப்பில்தான் வெளியே வந்தார். கிளப்பை உயர்த்தியவரும் அவரே, கறைபட வைத்தவரும் அவரே. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது.

1984-ல் கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதன் பிறகு ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. கடைசியாக 2024-ல் ஏறி 2025-ல் இறங்கியது.

ஊரும் மாறிவிட்டது. பெரிய சுரங்கமான கூரியோ 1973-ல் மூடப்பட்டு இப்போது அருங்காட்சியகம். 1976-ல் ஆட்டக்காரர்களின் நெஞ்சில் பெயர் பதித்திருந்த மானுஃப்ரான்ஸ் கம்பெனி 80-களில் திவாலானது. கிளப்பைப் பெற்ற காசினோவே கடனில் மூழ்கி, 2024-ல் கைமாறி, பெரிய கடைகளை எல்லாம் விற்றுவிட்டது. ஆனால் இரண்டாம் பிரிவு ஆட்டத்துக்கும் பல்லாயிரம் பேர் பச்சைத் துண்டோடு அந்த மைதானத்துக்கு வருகிறார்கள்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். ஹாம்ப்டன் பார்க்கில் அந்தச் சதுரக் கம்பங்களை 80-களிலேயே கழற்றிவிட்டார்கள். 2013-ல் சேந்த் எத்தியென் கிளப் ஸ்காட்லாந்திலிருந்து அவற்றை விலை கொடுத்து வாங்கி வந்து, தன் அருங்காட்சியகத்தில் நிறுத்தியது. தங்களைத் தோற்கடித்த கம்பங்கள். தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்து, “இதில்தான் பட்டது” என்று காட்டலாம்.

எங்கள் மில் மைதானத்துக் கம்பங்கள் இரும்புக் குழாய். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடிப்போம். மில்லை மூடியபோது மெஷின்களோடு அவையும் லாரியில் ஏறி எடைக்குப் போயின. நான் அன்று டைம் ஆபீஸ் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். எனக்குத் தோன்றவில்லை.